லாரி டிரைவர் ஆகணும்னு நினைக்கிறவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடுன்னு இந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொந்தத்துல ஒருத்தராவது லாரித் தொழில்ல இருப்பாங்க. ஓட்டுறவரு, பாடி கட்டுறவரு, டயர் கடை, புக்கிங் ஆபீஸ், போர் போடற ரிக் வண்டின்னு ஏதோ ஒண்ணு. ஆனா புதுசா ஓட்ட வர்ற பசங்க குறைஞ்சுட்டாங்க, வர்ற கொஞ்ச பேருக்கும் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுக்க ஆள் இல்ல. பசங்க திரும்பத் திரும்பக் கேக்குறதை எல்லாம் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன். தமிழ்நாட்டுல லைசென்ஸ் எடுத்து இங்கிருந்து லைன் வண்டி, அதாவது வெளியூர் போற லாரி ஓட்டப் போறவங்களுக்காக எழுதுனது இது.

ஹெவி, அதாவது பெரிய லாரி லைசென்ஸ் எடுக்க என்ன வயசு ஆகணும்ணா? நான் பத்தாவது பெயில், பரவாயில்லையா?

20 வயசு ஆகணும். அதுக்கு முன்னாடி கார் லைசென்ஸ், அதாவது எல்எம்வி எடுத்து ஒரு வருஷம் முழுசா முடிஞ்சிருக்கணும், அப்பத்தான் ஹெவிக்கு எல்எல்ஆர், அதாவது பழகுநர் லைசென்ஸ் போட விடுவாங்க. 18 ஆனதும் நிறைய பேரு பைக் லைசென்ஸ் மட்டும் எடுத்துட்டு விட்டுடறாங்க, அப்புறம் 21 வயசுல வந்து ஹெவி வேணும்னா மறுபடி ஒரு வருஷம் காத்திருக்கணும். அதனால பைக் போடறப்பவே எல்எம்வியும் சேத்துப் போட்டுடுங்க.

படிப்பு பத்தி கவலைப்படாதீங்க. முன்னாடி 8ம் வகுப்பு பாஸ் பண்ணியிருக்கணும்னு இருந்துச்சு, 2019ல அதை எடுத்துட்டாங்க. ஆனா எழுதப் படிக்கத் தெரியறது ரொம்ப முக்கியம் தம்பி, பில்லுல என்ன எழுதியிருக்கு, பாலத்து போர்டுல என்ன உயரம் போட்டிருக்குன்னு அடுத்தவங்களைக் கேட்டுக்கிட்டே காலம் தள்ள முடியாது.

எல்எல்ஆர் 6 மாசம் செல்லும், போட்டு 30 நாள் ஆனதும் டெஸ்டுக்குப் போகலாம். டாக்டர் சர்டிபிகேட் ஃபார்ம் 1ஏ, டிரைவிங் ஸ்கூல் தர்ற ஃபார்ம் 5, ரெண்டும் வேணும். அந்த 1ஏவை டாக்டர் ஆளையே பாக்காம கையெழுத்து போட்டுத் தர்ற இடத்துல வாங்காதீங்க. கண்ணை நெஜமாவே செக் பண்ணிக்கோங்க, ராத்திரி எதிர்ல வர்ற ஹெட்லைட்டுக்கு அப்புறம் ரோடு மறுபடி தெரிய உங்களுக்கு எவ்ளோ நேரமாகுதுங்கறது உங்க உசுரு சம்பந்தப்பட்ட விஷயம். கண்ணாடி போட்டாலும் ஓட்டலாம், கண்ணாடியை கேபின்ல வச்சுட்டு ஓட்டறதுதான் தப்பு.

ஹெவி லைசென்ஸ் 5 வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும், தேதி முடிஞ்சு ஒரு வருஷத்தைத் தாண்டிட்டா திரும்ப முதல்ல இருந்து டெஸ்ட்.

அதுவரைக்கும் கார் லைசென்ஸ வச்சு குட்டி யானை ஓட்டலாமா?

தாராளமா ஓட்டலாம். மொத்த எடை 7,500 கிலோவுக்குள்ள இருக்கற சரக்கு வண்டியை எல்எம்வி லைசென்ஸ் வச்சே ஓட்டலாம், தனியா பேட்ஜ் வேணாம்னு சுப்ரீம் கோர்ட்டு 2017லயே சொல்லிருச்சு, 2024 நவம்பர்ல 5 நீதிபதிங்க இருந்த பெஞ்சும் அதையே உறுதி பண்ணிட்டாங்க. ஹெவிக்கு வயசு ஆகுற வரைக்கும் சின்ன வண்டில ஒரு வருஷம் ஓட்டுறது ரொம்ப நல்ல பயிற்சி. மார்க்கெட் சந்துக்குள்ள ரிவர்ஸ் எடுக்கறது, லோடு இருக்கறப்ப பிரேக் எவ்ளோ தள்ளிப் பிடிக்குதுங்கறது, வியாபாரிகிட்ட சலான்ல கையெழுத்து வாங்கறது எல்லாம் அங்கயே பழகிடும்.

டிரைவிங் ஸ்கூல்ல கத்துக்கறதா, கிளீனரா போய் கத்துக்கறதா?

ரெண்டும் வேணும்னுதான் நான் சொல்வேன். ஸ்கூல்ல 8 போடறதுக்கும் கியர் மாத்தறதுக்கும் சொல்லித் தருவாங்க, நல்ல இடத்துல படிக்கணும்னா கும்மிடிப்பூண்டில அரசோட சாலைப் போக்குவரத்து நிறுவனம் நடத்துற பயிற்சிப் பள்ளி இருக்கு, நாமக்கல்லயே அசோக் லேலண்ட் பயிற்சி மையம் இருக்கு, விசாரிச்சுப் பாருங்க. ஆனா லைசென்ஸ் வந்த மறுநாளே 14 வீல் வண்டில ஏறி பாம்பே லைன் கிளம்பறேன்னு யாராச்சும் சொன்னா எனக்கு வயித்தைக் கலக்குது. முன்னாடி எல்லாரும் வருஷக்கணக்கா கிளீனரா இருந்துட்டுத்தான் ஸ்டீயரிங் தொட்டாங்க, இப்ப செலவு மிச்சம்னு கிளீனர் இல்லாமலே வண்டி ஓடுது, அந்தப் பாடம் படிக்கற இடமே போயிருச்சு.

அதனால சம்பளம் கம்மியா இருந்தாலும் பரவாயில்ல, பொறுமையான டிரைவர் ஒருத்தரைப் பிடிச்சு அவர்கூட கொஞ்ச காலம் போங்க. காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி அவர் என்ன பண்றார்னு பாருங்க. டயரைத் தட்டிப் பாத்து சத்தத்துலயே காத்து கம்மின்னு சொல்வாரு, பின்னாடி ஜோடி டயருக்கு நடுவுல மாட்டுன கல்லை நெம்பி எடுப்பாரு, ஏர் டேங்க்ல தேங்குன தண்ணியைத் திறந்து விடுவாரு, வீல் நட்டு பக்கத்துல துரு கோடு மாதிரி இறங்கியிருந்தா நட்டு லூஸ்னு கண்டுபிடிப்பாரு, விளக்கு ஒவ்வொண்ணும் எரியுதான்னு சுத்தி வருவாரு. படுதா போட்டு கயிறு கட்டறது ஒரு தனி வித்தை, மழை வந்தா லோடு நனையாம, வளைவுல லோடு சாயாம கட்டணும். இரும்பு காயில், பைப் லோடெல்லாம் சரியா கட்டை குடுத்து செயின் போடலைன்னா பிரேக் அடிச்சதும் கேபினுக்குள்ள வந்துரும்.

அப்புறம் இடது பக்கம். நம்ம லாரில இடது பக்க முன் மூலைல நிக்கற பைக்காரர் டிரைவர் சீட்டுல இருந்து பாத்தா தெரியவே மாட்டாரு. கிளீனரா உக்காந்து அந்தப் பக்கம் எட்டிப் பாத்து பழகுனவன், பின்னாடி டிரைவர் ஆனதும் அந்த இடத்தை மறக்கவே மாட்டான்.

டெஸ்டுக்குப் போகாமலே லைசென்ஸ் வாங்கித் தர்றேங்கறாங்களே, வாங்கலாமா?

வேண்டவே வேண்டாம். வெளி மாநிலத்துல இருந்து வாங்கித் தர்றேன்னு சொல்ற கார்டு பாதி போலி. அரசோட பரிவாகன் சைட்ல லைசென்ஸ் நம்பர் போட்டுப் பாத்தா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிரும். விபத்து ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரங்க முதல்ல பாக்கறதே டிரைவர் லைசென்ஸதான், அது போலின்னா கட்டுன பணத்தை ஓனர்கிட்ட வசூல் பண்ண கேஸ் போவாங்க, உங்க மேல தனியா கிரிமினல் கேஸ்.

முதல் வேலைக்கு எந்த வண்டி நல்லது?

ஒரே சேசிஸ் வண்டி, 6 வீல் இல்லன்னா 10 வீல் டாரஸ்ல ஆரம்பிங்க. ட்ரெய்லர் வேற உலகம், திரும்பறப்ப பின்பக்கம் உள்ளே வெட்டும், ரிவர்ஸ்ல ஸ்டீயரிங் எதிர்ப்பக்கம் ஒடிக்கணும், ஈர ரோட்டுல பட்டுன்னு பிரேக் அடிச்சா மடங்கி நிக்கும். அதுக்கு அவசரமே இல்ல.

நாமக்கல் பசங்களுக்கு கேஸ் டேங்கர் மேல ஒரு கண்ணு இருக்கும், ஏன்னா தென்னிந்தியா முழுக்க ஓடற எல்பிஜி டேங்கர் ஓனர்ஸ் சங்கமே இங்கதான் இருக்கு. வேலை ஒழுங்கா இருக்கும், லோடுக்கு அலைய வேண்டாம். ஆனா அபாயகரமான சரக்கு ஏத்துறதுக்கு 3 நாள் பயிற்சி முடிச்சு லைசென்ஸ்ல தனியா எழுதி வாங்கணும், அதை 3 வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும். டேங்கர்ல திரவம் உள்ளே அலையடிக்கும், வளைவுல நீங்க திரும்புன அப்புறமும் சரக்கு நேராவே போகப் பாக்கும், ரவுண்டானால டேங்கர் கவுந்துச்சுன்னு செய்தி வர்றதெல்லாம் பெரும்பாலும் இதனாலதான். சாதா லோடுல நல்லா கை பழகுனதுக்கு அப்புறம் போங்க.

சம்பளம் எப்படிப் பேசறது?

ஒவ்வொரு ஓனர்கிட்டயும் ஒவ்வொரு கணக்கு. சிலர் மாசச் சம்பளமும் தினப் பேட்டாவும் தருவாங்க, சிலர் நடைக்கு இவ்வளவு, சிலர் வாடகைல பர்சன்டேஜ். எது எப்படியிருந்தாலும் ஏறுறதுக்கு முன்னாடி இந்த சில விஷயத்தை வாய்விட்டுக் கேளுங்க, கூச்சப்படாதீங்க: ஏத்துக்கூலி இறக்குக்கூலி யாரு தர்றது, படுதா கட்டற கூலி யாருது, டீசல் எத்தனை கிலோமீட்டர் மைலேஜ்னு கணக்கு வைப்பாங்க, குறைஞ்சா பிடிப்பாங்களா, டயர் வெடிச்சா யார் தலைல, லோடு இறக்காம பார்ட்டி நாலு நாள் காக்க வச்சா ஹால்டிங் காசு டிரைவருக்கு வருமா, வழில போலீஸ் கேஸ் போட்டா யாரு கட்டறது. இதெல்லாம் பேசாம "பாத்துப் பண்றேன் தம்பி"ன்னு சொல்ற இடத்துல மாசக் கடைசில கண்டிப்பா சண்டை வரும். பேசுனதை வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜா அனுப்பி வச்சுருங்க.

பர்சன்டேஜ் கணக்குல ஒரு ஆபத்து இருக்கு, நடை அதிகமானா காசு அதிகம்ங்கறதால தூங்காம ஓட்டச் சொல்லி உங்க மனசே உங்களை விரட்டும். புதுசா வர்றவங்க மாசச் சம்பளம் பேட்டா உள்ள வண்டில சேர்றது நல்லதுன்னு நினைக்கிறேன்.

இறக்கத்துல நியூட்ரல் போட்டா டீசல் மிச்சமாகும்னு சீனியர் டிரைவர் ஒருத்தர் சொல்றாரே?

யார் சொன்னாலும் கேக்காதீங்க, ஓனர் சொன்னாலும் கேக்காதீங்க. இந்த ஒரு கேள்விக்கு நான் கொஞ்சம் நீளமாத்தான் பதில் சொல்லப் போறேன்.

44ம் நம்பர் ஹைவேல தர்மபுரியைத் தாண்டி சேலம் வர்ற வழில தொப்பூர் கணவாய் இருக்கே, அங்க எத்தனை குடும்பம் போயிருக்குன்னு இந்தப் பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும். வடக்க இருந்து இறங்கற லாரி பிரேக் பிடிக்காம முன்னாடி போற கார், வேன், லாரின்னு வரிசையா இடிச்சுக்கிட்டே போகும். கேட்டா பிரேக் பெயிலியர்ம்பாங்க. வண்டி நல்லாத்தான் இருந்திருக்கும், மேல இருந்து நியூட்ரல்ல விட்டுட்டு வந்திருப்பாங்க.

என்ன நடக்குதுன்னா, கியர்ல இருந்தா இன்ஜினே வண்டியைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வரும். நியூட்ரல் போட்டதும் அந்தப் பிடி போயிடுது, 30 டன் எடையும் பிரேக் டிரம் மேல மட்டும் விழுது. அடிக்கொருதரம் பிரேக்கை மிதிக்க மிதிக்க டிரம்மும் லைனிங்கும் சூடேறி, ஒரு கட்டத்துல கால் என்னதான் அழுத்துனாலும் பிடிக்காது. இன்னொரு பக்கம் ஏர் பிரேக்குக்கு காத்து இன்ஜின் ஓடறப்ப கம்ப்ரஸர்ல இருந்து வருது, நியூட்ரல்ல இன்ஜின் ஐடில்ல ஓடறதால நீங்க செலவு பண்ற வேகத்துக்கு காத்து ஏறாது. இன்னும் சிலர் இன்ஜினையே ஆஃப் பண்ணிடறாங்க, அப்ப காத்து சுத்தமா நின்னுடும், பவர் ஸ்டீயரிங்கும் கல்லா இறுகிடும். சரி கியர் போட்டுக்கலாம்னா அந்த வேகத்துல கியர் விழாது.

டீசல் மிச்சம்ங்கறதும் இப்ப பொய். இப்போதைய வண்டிங்க எல்லாம் எலக்ட்ரானிக் டீசல் சிஸ்டம், கியர்ல போட்டு ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்தீங்கன்னா இறக்கத்துல டீசல் சப்ளையே நின்னுடும். நியூட்ரல் போட்டாத்தான் இன்ஜின் ஓட டீசல் குடிக்கும்.

எந்த கியர்ல ஏறுவீங்களோ அந்த கியர்லயே இறங்குங்க, அதையும் இறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே போட்டுடுங்க. இன்ஜின் புகையை அடைச்சு வேகத்தைக் குறைக்கற எக்ஸாஸ்ட் பிரேக்கை போட்டுக்கோங்க, பிரேக்கை விட்டு விட்டு மிதிங்க, காத்து மீட்டர் மேல ஒரு கண்ணு இருக்கட்டும். பின்னாடி இருக்கற வண்டி ஹாரன் அடிச்சா அடிக்கட்டும். திம்பம் மாதிரி 27 கொண்டை ஊசி வளைவு இருக்கற மலைக்கு முதல் தடவை போறப்ப பழகுன ஆள் இல்லாம போகாதீங்க, ராத்திரி அங்க வண்டி விடறதும் இல்ல, பந்திப்பூர் காட்டு வழியும் ராத்திரி 9ல இருந்து காலைல 6 வரை மூடிருவாங்க, நேரத்தைக் கணக்குப் பண்ணிக் கிளம்புங்க.

ஓவர்லோடு ஏத்தச் சொன்னா என்ன பண்றது?

2018ல எல்லா வண்டிக்கும் எடையை ஏத்திக் குடுத்தாங்க, 10 வீல் வண்டிக்கு வண்டியோட சேத்து 25 டன்னா இருந்தது 28.5 டன் ஆச்சு. அதுக்கும் மேல ஏத்துறாங்கன்னா அது பேராசை. 20,000 ரூபாய் அபராதம், கூடுதலா இருக்கற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000, அதோட அதிக சரக்கை அங்கயே இறக்கணும். அபராதத்தை ஓனர் கட்டிருவாரு, ஆனா சட்டம் ஓட்டுனவரையும் சேத்துத்தான் சொல்லுது, ஓவர்லோடுக்கு லைசென்ஸ 3 மாசம் சஸ்பெண்ட் பண்றாங்க. அந்த மூணு மாசம் உங்க வீட்டு அடுப்புக்கு யாரு பொறுப்பு? ஏத்துன உடனே எடை மேடைல போட்டு சீட்டை வாங்கிக்கோங்க, அதிகமா இருந்தா கிளம்பறதுக்கு முன்னாடியே போன் பண்ணி எடுக்க மாட்டேன்னு சொல்லுங்க. ஒரு வேலை போகும், டிரைவருக்கு ஆள் தேடி அலையற காலம் இது, வேற வேலை கிடைக்கும்.

தூக்கத்தை எப்படி சமாளிக்கறது?

சமாளிக்கக் கூடாது, தூங்கணும். டீ, பீடி, ஹான்ஸ், முகத்துல தண்ணி, எதுவும் தூக்கத்தை நிறுத்தாது. விடியக்காலை 2 மணில இருந்து 5 மணி வரைக்கும் கண்ணு திறந்திருக்கும் ஆனா மூளை தூங்கும், ரோட்டோரம் நிக்கற வண்டி மேல நேராப் போய் ஏறறது அந்த நேரத்துலதான். 1961ம் வருஷத்து மோட்டார் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், 5 மணி நேரம் ஓட்டுனா அரை மணி ஓய்வுன்னு சொல்லுச்சு, 2025 நவம்பர்ல அதுக்குப் பதிலா புது தொழிலாளர் சட்டம் வந்துருச்சு. லைன்ல அப்படி ஓய்வு நடக்கறதே இல்ல, நடக்கணும்னு சங்கங்கள் இன்னும் உரக்கக் கேக்கணும்னு எனக்கு ஆசை. அதுவரைக்கும் நீங்களே ஒரு கோடு போட்டுக்கோங்க. ஓனர்கிட்ட "தூக்கம் வருது, ரெண்டு மணி நேரம் போட்டுட்டு வர்றேன்"னு சொல்றதுல எந்த அவமானமும் இல்ல. டெல்லி மாதிரி தூர லைனுக்கு டபுள் டிரைவர் போடற வண்டியாப் பாத்து ஏறுங்க.

வண்டிய நிறுத்துறது டோல் பக்கத்துல, பங்க்ல, ஹோட்டல் இடத்துல இருக்கட்டும். ரோட்டு ஓரத்துல பாதி வெளிய நிக்கற மாதிரி நிறுத்திட்டு தூங்கவே கூடாது. டீசல் திருட்டும் அங்கதான் நடக்கும்.

பிரேக்டவுன் ஆகி ரோட்டுலயே நின்னுட்டா?

நாலு பக்கமும் இண்டிகேட்டர் போடுங்க, பின்னாடி நல்லா தள்ளி முக்கோண ரிஃப்ளக்டர் வைங்க, 1033க்கு போன் பண்ணுங்க, அது தேசிய நெடுஞ்சாலை உதவி எண். டயருக்கு முட்டு குடுத்த கல்லை வேலை முடிஞ்சதும் எடுத்து ஓரமாப் போடுங்க. அப்படியே விட்டுட்டுப் போன கல்லுல ராத்திரி பைக்காரங்க விழுந்து சாகறாங்க.

என்னென்ன பேப்பர் இருக்கணும்?

ஆர்சி, எஃப்சி (வண்டி தகுதிச் சான்று), பெர்மிட், இன்சூரன்ஸ், புகைச் சான்று, டேக்ஸ், உங்க லைசென்ஸ். டிஜிலாக்கர் இல்ல எம்பரிவாகன்ல இருந்தா போன்ல காட்டுனாலே செல்லும். சரக்குக்கு இன்வாய்ஸ், எல்ஆர் (லாரி ரசீது), இ-வே பில் (சரக்கு கொண்டு போறதுக்கான ஜிஎஸ்டி பில்).

இ-வே பில்லை வாங்குன உடனே ரெண்டு விஷயம் பாருங்க. வண்டி நம்பர் சரியா இருக்கா, எத்தனை நாள் செல்லும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. வண்டி ரிப்பேராகி லேட்டானா முடியறதுக்கு 8 மணி நேரம் முன்னாடியோ முடிஞ்சு 8 மணி நேரத்துக்குள்ளயோ நீட்டிக்கலாம், அதனால நின்ன உடனே பார்ட்டிக்கு சொல்லிருங்க. பில்லுல தப்பு பண்ணது பார்ட்டியா இருந்தாலும் பிடிச்சு வச்ச வண்டிக்குள்ள நாள்கணக்கா காத்துக் கிடக்கப் போறது நீங்கதான்.

ஆக்சிடென்ட் ஆனா ஓடிடறதா நிக்கறதா? 10 வருஷம் ஜெயில்னு சொல்றாங்களே?

அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும், 108க்கு போன் பண்ணணும், போலீசுக்கு சொல்லணும், இது மோட்டார் வாகனச் சட்டத்துல டிரைவரோட கடமை. கூட்டம் சேந்து அடிக்க வந்துருவாங்கன்னு பயம் இருக்கத்தான் செய்யும், சட்டத்துலயே கூட்டத்தோட கோபத்தால நிக்க முடியலைன்னா அதுக்கு விலக்கு எழுதியிருக்காங்க. அந்த மாதிரி நேரத்துல நேரா பக்கத்து ஸ்டேஷனுக்குப் போய் நீங்களே சொல்லிருங்க, 112க்கு அடிச்சா அது பதிவாகும். அந்த 10 வருஷம் புது குற்றவியல் சட்டத்துல 106ம் பிரிவோட ரெண்டாவது பகுதி, அதை எதிர்த்துத்தான் 2024 ஜனவரில நாடு முழுக்க டிரைவருங்க வண்டியை நிறுத்துனாங்க, 2024 ஜூலை 1ல மத்த சட்டம் அமலுக்கு வந்தப்ப அந்தப் பகுதியை மட்டும் நிறுத்தி வச்சாங்க. அது வந்தாலும் வராட்டியும், ரத்தம் போயிட்டு இருக்கற மனுஷனுக்கு அந்த பத்து நிமிஷம்தான் உசுரு.

எனக்கு ஏதாச்சும் ஆனா வீட்டுக்கு என்ன கிடைக்கும்?

வேலைக்குச் சேரறப்பவே வண்டி இன்சூரன்ஸ் காப்பியை வாங்கிப் பாருங்க. ஓனர்-டிரைவர் விபத்துக் காப்பீடு 15 லட்சம்னு அதுல இருக்கும், அது ஓனருக்குத்தான், சம்பளத்துக்கு ஓட்டற உங்களுக்கு வராது. "பெய்டு டிரைவர்"னு தனியா ஒரு வரி பிரீமியம் கட்டியிருக்காங்களான்னு பாருங்க. வேலைல அடிபட்டா சட்டப்படி இழப்பீடு கேக்க உரிமை உண்டு, ஆனா நீங்க அந்த வண்டில வேலை பாத்தீங்கன்னு காட்டணும், அதுக்குத்தான் சம்பளத்தை பேங்க்ல போடச் சொல்றது. தமிழ்நாட்டுல அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியம் இருக்கு, பிள்ளைங்க படிப்பு, கல்யாணம், விபத்துன்னு உதவித்தொகை தர்றாங்க, தொழிலாளர் துறை ஆபீஸ்ல பதிஞ்சு வைங்க, புதுப்பிக்க மறந்துடாதீங்க.

உடம்பையும் பாத்துக்கோங்க. சிறுநீர் கழிக்க இடமில்லைன்னு தண்ணி குடிக்காம ஓட்டி கல்லடைப்பு வந்தவங்க நிறைய. 2025 அக்டோபர் 1ல இருந்து தயாரிக்கற லாரிங்களுக்கு ஏசி கேபின் கட்டாயம்னு ஆக்கியிருக்காங்க, நாப்பது வருஷமா இன்ஜின் சூட்டுல வெந்தவங்களுக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்னு உக்காந்து ஓட்டுனவங்களுக்குத்தான் தெரியும்.

பொண்ணுங்க வரலாமா?

வரலாம், சட்டத்துல எந்தத் தடையும் இல்ல, பவர் ஸ்டீயரிங் வந்ததுக்கு அப்புறம் கைபலமும் பெரிய விஷயமில்ல. ஹைவேல சுத்தமான பாத்ரூமும் பயமில்லாம தூங்க இடமும்தான் இல்ல. அது சரியாகற வரைக்கும் சாயந்திரம் வீடு திரும்பற லோக்கல் லோடு, கம்பெனி வண்டில ஆரம்பிக்கறது நல்லது.

எப்ப சொந்த வண்டி வாங்கலாம்?

லோடு பிடிக்கத் தெரிஞ்ச அப்புறம். ஓட்டத் தெரிஞ்சவங்க நிறைய பேரு வண்டி வாங்கி கடன்ல மாட்டுனது திரும்பி வர லோடு இல்லாமத்தான். போற வாடகைல டீசல், டோல், பேட்டா போயிடும், திரும்ப வர்ற லோடுலதான் தவணை கட்டணும். அதனால சம்பளத்துக்கு ஓட்டற காலத்துலயே எந்த ஊர்ல எந்த சீசன்ல என்ன லோடு வரும், எந்த புரோக்கர் பேலன்ஸ் பணத்தை ஒழுங்கா தர்றாருன்னு நோட்டுல எழுதிக்கிட்டே வாங்க. தவணை போக நேஷனல் பெர்மிட்டுக்கு வருஷம் 16,500, இன்சூரன்ஸ், டயர், 8 வருஷம் தாண்டுன வண்டின்னா வருஷா வருஷம் எஃப்சி, இத்தனையும் மாசக் கணக்கா பிரிச்சுப் போட்டுப் பாத்து மிச்சம் நிக்குதான்னு பாருங்க. செகண்ட் ஹேண்ட் எடுக்கறதா இருந்தா வண்டி நம்பரை பரிவாகன்ல போட்டு கட்டாத ஃபைன், டேக்ஸ் பாக்கி, ஆர்சில ஃபைனான்ஸ் பேரு இன்னும் இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் அட்வான்ஸ் குடுங்க.